பெருவயிற்று அம்மனுக்குக் காவல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

மருமகளை எட்டாவது கோயிலுக்கும் அழைத்துப் போனீர்களாமே! நான் இரண்டு வருடமாக ஊருக்கே வராமல் இங்கே கிடக்கும்போது, எந்தச் சாமி வரம் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இந்தத் தொல்லை வேலையிலும் விடவில்லை. அருங்காட்சியகத்தில், பிள்ளை வரம் தரும் தெய்வங்களின் கூடத்தில் என்னைக் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு நாட்டுக்குத் தவளை, இன்னொரு நாட்டுக்கு மாதுளம்பழம், நடுவில் பெருவயிற்றோடு ஒரு கல் அம்மன். "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

நேற்று ஒரு பெண் கயிற்றைத் தாண்டிப் போய் அம்மன் வயிற்றில் கை வைத்தாள். ஓடினேன். "ஒரே நிமிஷம்ங்க. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாச்சு" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"உன்னைக் காவலுக்கு வெச்சோமா, பூசைக்கு வெச்சோமா?" என்று மேலாளர் காய்ச்சி எடுத்துவிட்டார். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள்.

கூடத்தைப் பூட்டும்போது நானும் தொட்டேன். சிரிக்காதீர்கள்.

லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் வரும்வரை உங்கள் மருமகளை எங்கும் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். உங்கள் கடிதத்தில் அவள் போன கோயில்கள்தான் இருக்கின்றன. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளையே எழுதச் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகன்