நோரிஸ் மீன் பிடிக்கப் போகாத தேர்தல் நாள்

ஆல்டர்பிரிட்ஜ்,
அக்டோபர் 20

அன்புள்ள டோரீனுக்கு,

க்வெண்டா எழுதுவது. நானும் டெரெக்கும் நலம். நீயும் மகள் லின்சியும் பேரன் குட்டிப் பயல் ஆர்ச்சியும் பெர்த் வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தையின் போட்டோ வந்தது. மூக்கு அப்படியே தாத்தா நோரிஸ்தான். பாவம், வளர வளரச் சரியாகிவிடும்.

முதலில் எனக்கு ஒரு சத்தியம் செய்துகொடு. இதைக் கடைசிவரை படிக்கும் முன் கோபப்படக் கூடாது. போனில் சொன்னால் நடுவில் பாய்ந்து பாய்ந்து கேள்வி கேட்பாய், நானும் விஷயத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் இதுதான்: ஜூலைத் தேர்தலில் நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. சொன்னது உன் வீட்டுக்காரர்தான். அதுவும் மைக்கில்.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே! மேலே படி.

புது அரசாங்கம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் டெரெக் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். தேர்தலுக்கு முன்னால் தன் கட்சியின் சிவப்பு ரோஜாப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, "இந்தத் தடவை எல்லாம் மாறப்போகுது பாருங்க" என்று தெருத் தெருவாய்க் கதவைத் தட்டினாரே, இப்போது அந்தக் கதவெல்லாம் திரும்பி வந்து இவரைத் தட்டுகிறது. மீன் கடை வரிசையில் நின்றால் பெரில், "என்ன டெரெக், உங்க ஆளுங்க வந்து மூணு மாசமாச்சு, என் இடுப்பு ஆபரேஷனுக்கு இன்னும் தேதி வரலையே" என்கிறாள். தபால் நிலையத்தில் ஒருத்தர், வயசானவர்களுக்குக் கொடுத்து வந்த குளிர்காலக் கணப்புப் பணத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார். முடி வெட்டப் போன இடத்தில், கத்தரியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் கட்டணம் பற்றி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பிரதமரே இவரைக் கேட்டுத்தான் காலையில் பல் தேய்க்கிறார் என்று ஊருக்கு நினைப்பு. மனுஷன் இப்போது தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டுதான் வெளியே போகிறார்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சிரித்து ஆற்றிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே ஆள் நோரிஸ். அந்த நோரிஸோடு ஜூலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இருவரின் ஜோடி வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. பார்லிமெண்டில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பேசிவைத்துக்கொண்டு இரண்டு பேருமே ஓட்டுப் போடாமல் இருப்பார்கள் இல்லையா, அதே கதை. "நீ நீலத்துக்குப் போடுவ, நான் சிவப்புக்குப் போடுவேன். ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். அதுக்கு எதுக்குடா ரெண்டு பேரும் மழையில நனையணும்?" என்று சொல்லி, நமக்குக் கல்யாணமான காலத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலன்றும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள். ஊரெல்லாம் பிரசாரம் பண்ணுவார், தன் ஓட்டை மட்டும் மீனுக்குக் கொடுத்துவிடுவார் என்று டெரெக்கை நாம் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறோம்!

இந்தத் தடவை நோரிஸ் பல் வலி என்று சொல்லிவிட்டார். டெரெக் தனியாகப் போய், மீனும் சிக்காமல், சீக்கிரமே திரும்பியிருக்கிறார். வரும் வழியில் பள்ளிக்கூடத்து ஓட்டுச்சாவடியிலிருந்து நோரிஸ் வெளியே வருகிறார். கூடவே உங்கள் நாய் பிஸ்கட், வாலை ஆட்டிக்கொண்டு. பல் வலிக்காரர் முகத்தில் வலியைக் காணோம், திருட்டு முழிதான் இருந்ததாம். டெரெக் நேரே வீட்டுக்கு வந்து தூண்டிலை மூலையில் சாத்தினார். "அவன் கட்சி தோக்கப்போகுதுன்னதும் ஜோடிய உடைச்சிட்டான் க்வெண்டா" என்றார். அன்று ராத்திரி இவர் கட்சிதான் ஜெயித்தது. டி.வி.யைக்கூடப் போடவில்லை, பார்த்துக்கொள்.

நோரிஸும் வந்து விளக்கம் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான். ஆனால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காது கேட்கத்தானே செய்யும்? சாயங்காலம் செய்தி போட்டால் அமைச்சர் பேசுவதைவிட உன் வீட்டுக்காரர் பேசுவதுதான் அதிகம். "அட புளுகுமூட்டை!" என்பார். அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் இவரே பதிலும் சொல்லிவிடுவார். செய்தி முடிந்து டி.வி.யை அணைத்ததும் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. உன் பிளம் மரத்தில் பழமெல்லாம் பறிப்பாரில்லாமல் விழுந்து குளவி மொய்க்கிறது. குப்பைத் தொட்டியில் பீன்ஸ் டப்பாவைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

நீ போன கடிதத்தில் எழுதியதை மறக்கவில்லை. லின்சி உன்னை அங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள், டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டாய். நோரிஸ் போனில் அரசாங்கத்தைத் தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை, நீ இல்லாதது அவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். இப்போது தெரியும்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஊர் மன்றத்தில் விவாதம். கூரை ஒழுகுகிறது, ரிப்பேருக்குக் காசு சேர்க்க வேண்டும். நம் பாதிரியார் ஃபிலிப்பா, கேக்கும் டீயும் விற்றால் மட்டும் போதாது, சண்டை இருந்தால்தான் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டு, 'புது அரசாங்கம் தேறுமா, தேறாதா?' என்று தலைப்பு வைத்து, தலைமையும் தானே ஏற்றுக்கொண்டார். தேறும் என்று பேச டெரெக். தேறாது என்று பேச நோரிஸ். பேசாமல் இருக்கும் இரண்டு பேரையும் பேசவைக்க அந்தப் பெண்மணி போட்ட திட்டம்தான் அது என்று எனக்கு இப்போது சந்தேகம். ஊரே வந்திருந்தது. ஒழுகும் இடத்தில் ஒரு வாளி, மற்ற இடமெல்லாம் ஆள்.

டெரெக் முதலில் பேசினார். முந்தின ஆட்கள் விட்டுப்போன குப்பையை அள்ளவே காலம் போதவில்லை என்றார். "வாடகை வீட்டுக்குள்ள நுழைஞ்ச அன்னிக்கே ஜன்னல் பளபளன்னு இருக்கணும்னா எப்படி?" என்று கேட்டார். பரவாயில்லை, கைதட்டல் விழுந்தது. பெரில் மட்டும் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

அடுத்து நோரிஸ். டோரீன், அவர் உன் தம்பி கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே இருந்த சட்டை கசங்கல். தொடக்கம் பிரமாதம். பஸ்ஸைக் குறைத்தது, டாக்டரைப் பார்க்கக் காத்துக்கிடப்பது, ஓசிச் சட்டைக்கும் ஓசி டிக்கெட்டுக்கும் பல்லிளிக்கும் அரசியல்வாதிகள் என்று வரிசையாக விளாசினார். சிவப்புக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்றோ, பேச்சு தடம் மாறிவிட்டது.

"தலைவி அவர்களே, மாற்றம் வரும்னாங்க. என் வீட்ல என்ன மாற்றம் வந்துச்சு? வேலைய முடிச்சிட்டு வந்தா வீடு இருட்டாக் கிடக்கு. டீ போட்டா ரெண்டு கப்பு எடுத்து வெச்சிட்டு அப்புறம் ஒண்ணத் திருப்பி உள்ள வைக்கிறேன். மூணு மாசமா இதே பொழப்பு. இந்த அரசாங்கம் வந்து எனக்கு என்னத்தக் கிழிச்சுது?" என்றார்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். நான் கைக்குட்டையைத் தேடினேன். அப்போது பார்த்து, பின்வரிசையிலிருந்து கறிக்கடை ரெஜ் கத்தினான்: "ஓட்டுப் போடற அன்னிக்கு மீன் பிடிக்கப் போற ஆளுக்கு அரசாங்கத்தக் கேள்வி கேக்க என்னய்யா யோக்கியத?"

அவ்வளவுதான். நோரிஸ் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "போட்டேன்யா! நான் ஓட்டுப் போட்டேன்! இதோ இந்தக் கையாலதான் பென்சிலப் புடிச்சுப் பெருக்கல் குறி போட்டேன். இந்த உருப்படாத சிவப்புக் கட்சிக்குத்தான் போட்டேன்!" என்றார்.

பிறந்ததிலிருந்து நீலமாக இருக்கும் மனிதர்! டெரெக் எழுந்து நின்றுவிட்டார். "டேய் நோரிஸ், நீயா? எங்களுக்கா?" என்றார். ஜூலைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்காகப் போடலடா" என்றார் நோரிஸ். குரல் இறங்கிவிட்டது. "டோரீனுக்காக. ஊருக்குப் போறப்ப, அவளுக்குப் பதிலா நான் அவ ஓட்டப் போடலாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனா. ஏர்போர்ட் வாசல்லதான் யாருக்குன்னே சொன்னா. எனக்கு மயக்கமே வந்துருச்சு. நம்ம ஜோடிய நான் உடைக்கலடா, என் ஓட்ட நான் போடவே இல்ல. அவளோடத மட்டும்தான் போட்டேன்."

சாவடியில் யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை, உன் இஷ்டத்துக்கு நீலத்துக்கே போட்டிருக்கலாமே என்றான் அந்தப் பாழாய்ப்போன ரெஜ். அதற்கு நோரிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போட்டிருக்கலாம். ஆனா திரும்பி வந்ததும் கேப்பா, 'நான் சொன்ன மாதிரி போட்டீங்களா'ன்னு. அவகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது."

டெரெக்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் பேச உரிமை இருந்தது. "தலைவி அவர்களே, எங்களுக்கு ஓட்டுப் போட்ட ஆளே எதிர்த் தரப்புல நிக்கறப்ப எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, மேடைக்குப் போய் நோரிஸின் கோட்டைப் பிடித்து இழுத்தார். "வாடா, சிப்ஸ் வாங்கித் தரேன்" என்றார்.

பிறகு வாக்கெடுப்பு. தேறும் என்பவர்கள் டீ மேஜைப் பக்கம், தேறாது என்பவர்கள் பியானோப் பக்கம். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம்! ஃபிலிப்பா ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு பேரும் தூறலில் மதில்மேல் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் வந்து முடிவு செய்யுங்கள் என்றதற்கு, "நாங்க ஜோடிங்க" என்றுவிட்டார்களாம். கடைசியில், அரசாங்கத்துக்கு ஈஸ்டர் வரைக்கும் தவணை, அப்போது மறுபடி விவாதம் என்று ஃபிலிப்பா தீர்ப்புச் சொன்னார். கூரைக்கு நல்ல வசூல்.

உன்னை ஒன்று கேட்கிறேன், கள்ளி! நீலக் கட்சியின் தேநீர் விருந்துக்கு வருஷா வருஷம் எலுமிச்சை கேக் செய்து கொடுத்துக்கொண்டே இந்த வேலையா பார்த்தாய்? என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஆனால் நீ பயப்படாதே. அந்த விருந்துக் கமிட்டித் தலைவி மிசஸ் பெம்பர்ட்டன் முகத்தைத் தூக்கிக்கொள்வார் என்றுதான் நானும் நடுங்கினேன். அவர் என்னிடம் வந்து, "அவ யாருக்கு வேணா போடட்டும். கிறிஸ்துமஸ் விருந்துக்குள்ள திரும்பி வந்துடுவாளா? போன மாசம் கடையில வாங்கின கேக்க வாயில வைக்க முடியல" என்றார்.

உன் ரகசியத்தை உடைத்துவிட்டோமே, கோபத்தில் இனி போனையே எடுக்கமாட்டாளோ என்று நோரிஸுக்கு உதறல். என்னைக் கெஞ்சி எழுதச் சொன்னதும் அவர்தான். உன் ரகசியத்தைக் காப்பாற்றத்தான் மூன்று மாதமாகத் தன் ஒரே சிநேகிதனிடம் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அதை அவர் உன்னிடம் சொல்லவேமாட்டார்.

டோரீன், லின்சிக்கு நீ வேண்டும், தெரியும். பேரனை விட்டுவிட்டு வருவது லேசில்லை, அதுவும் தெரியும். ஆனால் இந்த மனிதர் அரசாங்கத்திடம் பஸ் கேட்பார், டாக்டர் கேட்பார், ரோட்டுக் குழியை மூடச் சொல்லிக் கேட்பார். உன்னிடம் மட்டும் எதையும் கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன். ஒரு தடவை வந்து, அவர் எதிரில் நின்று, சொன்ன மாதிரி போட்டீர்களா என்று கேட்டுவிடு. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருக்கிறார்.

ஆர்ச்சிக் கண்ணனுக்கு என் முத்தங்கள். தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உன் அன்புள்ள,
க்வெண்டா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நோரிஸ் எட்டிப் பார்த்தார். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வர ஒண்ணும் அவசரமில்லன்னு எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன். அப்புறமும் அவர் போகவில்லை. ஆஸ்திரேலியாவுக்குத் தபால் போய்ச்சேர எத்தனை நாளாகும் என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்.