இரும்புக் கை உரித்த பழம்

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், சொன்னால் நம்பு.

ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்துக்கொள்ளும் குரங்கின் மூளையிலிருந்து ஒரு இரும்புக் கைக்கு ஒயர் போகிறது. குரங்கு தன் கையை அசைக்க நினைத்தாலே போதும், இரும்புக் கை அசையும். நேற்று அதன் எதிரே நின்று வாழைப்பழம் உரித்தேன். குரங்கு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் என் விரல்களையே பார்த்தது. பக்கத்தில் இரும்புக் கை, என்னைப் போலவே, வெறும் காற்றை உரித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். இரும்புக் கை நிறுத்தவில்லை. மிச்சத் தோலையும் உரித்து முடித்தது.

இந்த ஆய்வை நடத்தும் டாக்டரம்மா சிரித்தார். "பயப்படாதீங்க. அடுத்தவங்க கையைப் பார்த்தாலே அந்த வேலை இதோட மூளைக்குள்ளயும் ஓடும். நமக்கும் அப்படித்தான்."

பயமெல்லாம் இல்லை. விளக்கை மட்டும் அணைக்காமல் தூங்கினேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். ஒன்றே ஒன்று. இனி குட்டிம்மாவுக்குத் தலை பின்னும்போது கூப்பிடு. முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உன் கை தெரிகிற மாதிரி ஃபோனை வை. நான் இங்கே அசையாமல் உட்கார்ந்து பின்னிவிடுகிறேன்.

குட்டிம்மாவின் அப்பா