டப்பாவில் வந்த அத்தா

உறையூர்,
9.7.1961

அன்பு மச்சானுக்கு சலாம்.

நேப்பிள்ஸிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய தரல்லி டப்பாவை உங்கள் கப்பல் நண்பர் கொண்டுவந்து தந்தார். பன்றிக்கொழுப்பு இல்லை, எண்ணெய் சேர்த்துச் சுட்டது என்று அவர் சொன்னதால் நிம்மதியாகத் தின்றோம். சின்னச் சின்ன வளையம், சோம்பு வாசம், கடித்தால் மொறுமொறு.

தப்பு என்னுடையதுதான். "இந்தா, அத்தா அனுப்பினது" என்று வஹீதா கையில் ஒன்றைக் கொடுத்தேன். தகப்பன் முகத்தைப் பார்த்தே இராத பிள்ளை, அந்தத் தின்பண்டத்தின் பெயரே அத்தா என்று நினைத்துவிட்டாள். இப்போது பசித்தால், "அத்தா குடும்மா" என்கிறாள். நானும் திருத்தவில்லை.

நோன்புக்குப் பிறகு உங்கள் கடிதம் வரவில்லை.

டப்பாவில் ஒன்றுதான் மிச்சம். அதை அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் கேட்கும்போது, "அத்தா இல்ல" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் பிள்ளையின் அம்மா