அப்பாவின் பயிற்சித் தாள்

வியாழக்கிழமை, இரவு

இதை எழுதாமல் தூக்கம் வராது.

இன்று அப்பாவைத் தாம்பரத்தில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். வயதாகித் தொடைச் சதை கரைந்து, எழுந்தாலே தள்ளாடுகிறார். அங்கே ஓர் அதிரும் மேடையில் சில நிமிடம் நிறுத்துவார்கள். மிஷின் மட்டும் போதாது, வீட்டிலும் தினமும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும், யாராவது கூட நிற்க வேண்டும் என்று சொல்லி, டிக் போட ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். கூட நிற்க வேண்டியவன் நான். எனக்குக் காலையிலேயே சிறுசேரி ஆபீஸ் மீட்டிங் தொடங்கிவிடும். டிக் மட்டும் தவறாமல் போட்டேன்.

தெரபி பார்க்கும் பெண் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "சூப்பர் சார், ஒருநாள்கூட விடல. அப்பா, கையைக் கட்டிக்கிட்டு எழுந்திரிங்க."

அப்பா மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தினமும் பண்ணியும் இப்படின்னா டாக்டர்கிட்ட காட்டணுமே சார்," என்று என்னைப் பார்த்தாள்.

அப்பாதான் சொன்னார்: "வூட்ல நல்லாத்தாம்மா பண்றேன். பையன் கூடவே நிக்கிறான். இன்னிக்கு என்னமோ காலு கேக்கல."

இப்போது தாளை எடுத்துப் பார்த்தேன். வரும் ஞாயிறு வரைக்கும் மொத்தமாக டிக் போட்டு வைத்திருக்கிறேன். அவசரத்தில் அந்தப் பெண் கவனிக்கவில்லை. ஆனால் காலையில் அங்கே போகும்போது ஆட்டோவில் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தது அப்பா. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று நேற்றுதான் சொன்னார்.