எட்டுச் சொல் விலாசம்

இன்று மத்தியானம் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். என்னைப் பற்றி இருநூறு சொற்களுக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதியதைக் கொண்டுபோய் அந்தச் சொல் எண்ணும் இணையப் பக்கத்தில் ஒட்டினேன். அதே வெள்ளைப் பெட்டி, கீழே அதே பச்சை எண். இருநூற்றுப் பதினொன்று. எதை எடுக்கலாம் என்று யோசிப்பதற்குள் என் விரல் விலாசத்துக்குப் போய்விட்டது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். லயத்து வீட்டு வரிசையை மூன்று தரம் சுற்றியாயிற்று. உன்னிடம் பேசாமல் இன்றைக்கு உட்கார முடியாது.

உங்கள் பழைய தேயிலைத் தோட்டத்தில் மழைக்கு மலை வெடித்து, லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். உன் மாமா இருந்த எங்கள் லயத்துக்குக் குடிவந்தீர்கள். சாமான் இறக்குமுன்பே நீ ரேடியோவை ஜன்னலில் வைத்தாய். ஞாயிறு காலை நேயர் கடிதம் வாசிக்கும் அந்த அறிவிப்பாளர் மேல் எனக்கும் பைத்தியம். அவர் மாதிரியே நான் சிரித்துக் காட்ட, “ஒனக்கு நல்லா முத்திருச்சு புள்ள” என்றாய். அன்றே நாம் சிநேகிதிகள்.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போன உன் அண்ணனைப் பற்றி நீ பிறகுதான் சொன்னாய். எந்தக் கடையில் வேலை என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தாலும் இந்த நிகழ்ச்சியைக் கேட்பான் என்பது மட்டும் உனக்குத் தெரியும். நீங்கள் இடம் மாறியது அவனுக்குத் தெரியாது.

இனி ஈமெயிலிலும் கடிதம் அனுப்பலாம், நூறு சொல்தான் என்று அறிவிப்பாளர் சொன்ன வாரமே பதுளைக்கு பஸ் ஏறினோம். நெட் கஃபேயில் நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்ட தமிழ் டைப்பிங். சொல் எண்ணும் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் நூற்று இருபத்தொன்று. பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: “எடைவெளிய எடுத்துட்டா ரெண்டு சொல்லு ஒண்ணாயிருதுடி.” வாய்விட்டுச் சிரித்தபடி சொற்களை ஒட்டினோம். நூற்று எட்டுக்கு வந்தது. அதற்குமேல் இறங்கவில்லை.

தோட்டப் பேர், பிரிவு, லயம், வீடு. விலாசம் சரியாக எட்டுச் சொல்.

“வெலாசம் இருக்கட்டும்டி, அண்ணன் கேப்பான்” என்றாய். “ஒன் பேரக் கேட்டாலே அவருக்குப் புரிஞ்சிரும்” என்றேன். வேண்டுமானால் விலாசத்தையும் பதுளையோடு ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடலாமே என்று கெஞ்சினாய். அவர் வாசிக்கும்போது தடுக்கும் என்று நான் சம்மதிக்கவில்லை. அவருடைய குரலைப் பற்றி நான் எழுதியிருந்த மூன்று வரியை எடுத்திருக்கலாம். அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. எட்டையும் அழித்தேன். கடைசியில் உன் பேரும் பதுளையும் மட்டும் நின்றன.

அடுத்த ஞாயிறு வாசித்தார். நான் லயம் முழுக்க ஓடிச் சொன்னேன். நீ அன்றிலிருந்து தபால் வருகிற நேரமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் பக்கம் நின்றாய். பல வாரம் கழித்து, “அன்னிக்குக் கடையில கூட்டமா இருந்திருக்கும். கேட்டிருக்க மாட்டான்” என்றாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான்.

போன மாதம் உன் அண்ணன் வந்தார். பழைய லயம் பாழாய்க் கிடப்பதைப் பார்த்து, அங்கே கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு மேலே ஏறி வந்திருக்கிறார். நீ இல்லை என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. உன் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

“கேட்டேன் தங்கச்சி. அவ பேரச் சொன்னாங்க. அன்னிக்கே பழைய தோட்டத்துக்கு லெட்டர் போட்டேன், என் வெலாசமும் எழுதி. திரும்பி வந்துச்சு. இன்னொண்ணு போட்டேன். அதுவும் வந்துச்சு. அப்பாதான் வாங்க மாட்டேன்னுட்டாருன்னு இருந்துட்டேன்.”

ரேடியோவின் குமிழைத் திருகினார்.

“எந் தங்கச்சி வெலாசம் எழுதாம விடுவாளா? அந்த ஆளுதான் வாசிக்காம விட்டுட்டான். இல்லையா?”

“ஆமாண்ணே” என்றேன்.