சோளமாவு என்று எழுதியிருந்தீர்கள்

அருப்புக்கோட்டை
8.5.2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகம்தானே? கல்கத்தாவில் வெயில் எப்படி? இங்கே மத்தியானத்தில் நாய்கூடத் தெருவில் இறங்குவதில்லை. இப்படியே எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அமுது சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

உங்களிடமிருந்து வந்து பதினெட்டு நாள். வந்தபோது பதினாலு கிலோ. நேற்று ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தால் பன்னிரண்டே முக்கால். தயிர்சாதம் நாலு வாய், அதற்கு மேல் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். டாக்டர் "புது இடம், பழகிரும்" என்கிறார். எப்போது என்று கேட்டால் சிரிக்கிறார்.

போன் செய்ய வேண்டாம் என்று உங்கள் தம்பி மூலமாகச் சொல்லி அனுப்பியது நான்தான். உங்கள் குரலைக் கேட்ட அன்று விக்கி விக்கி அழுதாள், மறுநாள் பூராவும் வெறும் தண்ணீர். அதற்காகத்தான் மதினி. வேறு எதுவும் மனதில் வைத்து இல்லை. அதனால்தான் காலேஜை விட்ட பிறகு முதல்முறையாகக் கடிதம் எழுதுகிறேன். அவள் தூங்கினால்தான் எழுத முடிகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் முழுக்க "வாந்தான் வேணும், வாந்தான் வேணும்" என்று அழுதாள். மாமா, "புள்ளைக்கு வாந்தி வருதாம்த்தா, சொல்லத் தெரியல" என்றார்கள். மூன்று நாள் ஓமத்தண்ணீர் கொடுத்தோம்! நாலாம் நாள் டம்ளரைத் தட்டிவிட்டு, நனைந்த பேப்பரில் ஒரு துண்டு கிழித்து, நடுவில் புளியங்கொட்டையை வைத்து மூடிக் காட்டினாள். உங்கள் தம்பிதான் கண்டுபிடித்தார்கள். "ஏ, அது வான்டன். அக்கா வீட்ல சூப்புல மெதக்கவிட்டுத் தருவாக. பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா சொல்லிக் குடுத்தது" என்றார்கள். மாமா இப்போது அதைச் சீனத்துக் கொழுக்கட்டை என்கிறார்கள்.

இன்னொன்று. அவள் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். நீங்கள் சொல்லிக் கொடுத்தது. ஆனால் "நீங்க" என்கிறாள். "அம்மா, தண்ணி தாறீங்களா?" பாங்கில் மானேஜரிடம் கேட்பதைப் போல. உங்களை அவள் அத்தை, நீ, வா, போ என்று பேசுவதைப் போனில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். தெருவில் எல்லோரும் மரியாதையான பிள்ளை என்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

எனக்குக் காசநோய் என்று தெரிந்ததும் பதினோரு மாதக் குழந்தையை உங்கள் கையில் கொடுத்தேன். ஆறு மாத மருந்து என்றார்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஏன் ஆனது என்று இப்போது பேச வேண்டாம். அந்த வான்டன் சூப்பை எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதுங்கள். ஒன்றுகூட விடாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கஸ்தூரி


கொல்கத்தா
15.5.2024

கஸ்தூரிக்குத் தங்கச்செல்வி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்கும் எனக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. வீடுதான் சத்தமில்லாமல் கிடக்கிறது. போன் செய்யாதே என்பதை நீயே சொல்லியிருக்கலாம். தம்பி வாயால் கேட்டபோது சுருக்கென்று இருந்தது. போகட்டும்.

பன்னிரண்டே முக்கால் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்டதை எழுதுகிறேன்.

மைதா இரண்டு டம்ளர், முட்டை ஒன்று, உப்பு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாகப் பிசை. ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடி வை. பிறகு தேய்க்க வேண்டும். சப்பாத்தி கனம் இருந்தால் வாயில் சவசவ என்று இருக்கும். கீழே பேப்பரை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசு. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்கச் சோளமாவு தூவி அடுக்கு. சதுரமாக வெட்டிக்கொள்.

உள்ளே வைக்க எலும்பில்லாத கோழியைக் கொத்தி, இறால் கிடைத்தால் அதையும் சேர்த்து, இஞ்சி, வெங்காயத்தாள், மிளகுத்தூள், ஒரு கரண்டி சோயா சாஸ். நல்லெண்ணெயை அப்படியே ஊற்றாதே. எள்ளை வறுத்து நுணுக்கிப் போட்டால்தான் பக்கத்து வீட்டு லீ மாசி சமையல் வாசம் வரும். கோழி எலும்பை இஞ்சி தட்டிப் போட்டு ஒரு மணி நேரம் சிறுதீயில் வை. மஞ்சள் போடாதே! உன் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும், எனக்கும் போனது. வான்டனைத் தனித் தண்ணீரில் வேகவிட்டு, மிதந்ததும் எடுத்துச் சூப்பில் போடு. சூப் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

மடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நடுவில் வைத்து மூட வேண்டியதுதான்.

அவளுக்கு மத்தியானம் தூங்கினால் ராத்திரி தூக்கம் வராது. காதில் ஈரம் நின்றால் சீழ் வைக்கும். நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அன்புடன்,
தங்கச்செல்வி


அருப்புக்கோட்டை
23.5.2024

மதினிக்கு,

செய்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோழிக்கடையில் கொத்தித் தரச் சொன்னதும் கடைக்காரர் காளீஸ்வரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஆட்டுல கொத்துக்கறி கேப்பாக. கோழியக் கொத்தச் சொல்றது நீங்கதான்க்கா மொத ஆளு. வீட்ல யாருக்கும் பல்லு இல்லையா?" என்றார். வாங்கி வந்து நானே கொத்தினேன். வெங்காயத்தாளுக்கு உங்கள் தம்பி மதுரைக்குப் போய் வந்தார்கள். எள்ளை வறுத்தேன். மஞ்சள் டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன்.

நீங்கள் எழுதியபடி சோளமாவு தூவி அடுக்கினேன். நரிக்குடியிலிருந்து அப்பா அனுப்பிய சோளம், மில்லில் கொடுத்துப் புதிதாக அரைத்தது. தூவத் தூவ ஈரத்தை இழுத்துக்கொண்டு, தாள் தாளாக இருந்ததெல்லாம் ஓரம் வெடித்தது. தண்ணீரில் போட்டதும் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே இருந்த கறி முழுக்க வெளியே வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருக்கும் என்றீர்கள். கூழாகிவிட்டது மதினி. சாம்பல் நிறத்தில் கொதகொதவென்று.

மாமா மட்டும் இரண்டு கிண்ணம் குடித்தார்கள். "கூழுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா சின்ன வெங்காயம் உரிச்சுட்டு வந்திருப்பேன்ல" என்றார்கள். உங்கள் தம்பி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அமுது கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "எனக்கு வேண்டாங்க. நீங்க சாப்பிடுங்க" என்றாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய் கேட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தினமும் நாலு மணிக்கு அங்கேதான் உட்காருகிறாள். நீங்கள் அவளை டிராம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிற நேரமாம்.

இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாளாக அலைமோதுகிறது. எழுதிவிடுகிறேன். இருபது வருஷமாகச் சமைக்கிறவர்கள் நீங்கள். சோளமாவு போட்டால் இப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவள் இங்கே சாப்பிட்டுவிடக் கூடாது, அங்கேயே திரும்பி வர வேண்டும் என்று உங்களுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் இல்லையா? ஆறு மாதம் முடிந்து நான் கேட்டபோது "குளிர் முடியட்டும்" என்றீர்கள். பிறகு "பிள்ளைக்குப் பேச்சு வரட்டும்" என்றீர்கள். நானும் பயந்துகொண்டு சரி சரி என்றேன். என் மூச்சு பட்டால் அவளுக்கு வந்துவிடுமோ என்று மருந்து முடிந்த பிறகும் பயந்தேன். அது என் தப்பு. ஆனால் சோளமாவு என் தப்பு இல்லை.

ஜூன் பத்தாம் தேதி பள்ளிக்கூடம். பன்னிரண்டரை கிலோவோடு அனுப்பப் போகிறேன்.

கஸ்தூரி


கொல்கத்தா
31.5.2024

கஸ்தூரி,

கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டினால் உன்மேல் கோபப்படுவார்.

கடையில் அட்டைப்பெட்டியில் வெள்ளைவெளேர் என்று ஒரு மாவு விற்கும், மக்காச்சோளத்தில் எடுத்தது, கார்ன்ஃபிளவர் என்று போட்டிருக்கும். அதைத்தான் சொன்னேன். டிவியில் சமைக்கிறவர்கள் எல்லாம் சோளமாவு என்றே சொல்லுகிறார்கள், எனக்கும் அப்படியே வாயில் வந்துவிட்டது. நம் ஊரில் சோளம் என்றால் சோளம், மற்றது மக்காச்சோளம் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. சோளம் தின்று வளர்ந்தவள் மறந்துவிட்டேன், பார். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

ஆனால் நீ கேட்டதில் பாதி நிஜம். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் சோறு இறங்காது.

"மடிப்பது பெரிய வித்தை இல்லை" என்று எழுதினேன் அல்லவா? அந்த வரியைத்தான் வேண்டுமென்று எழுதினேன். வித்தை அங்கேதான் இருக்கிறது. நான் மடிப்பதில்லை, அவள் மடிப்பாள். சமையல் மேடைமேல் உட்காரவைத்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்துவிடுவேன். விரலை நனைத்து ஓரமெல்லாம் தடவுவாள். நடுவில் கறியை வைத்து மூலையோடு மூலை மடித்து, "போர்த்தியாச்சு" என்பாள். பிறகு இரண்டு நுனியையும் முன்னால் இழுத்து ஒட்டி, "கையைக் கட்டு, தூங்கு" என்பாள். அவள் தூங்கவைத்ததை மட்டும்தான் தின்பாள். நான் மடித்தது ஒன்று கலந்திருந்தாலும் கண்டுபிடித்து எடுத்து வைத்துவிடுவாள். இதை எழுதக் கை வரவில்லை. எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது, இது ஒன்றாவது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். பிள்ளை அங்கே பட்டினி கிடக்கிறாள் என்று தெரிந்தே நினைத்தேன்.

இன்னும் ஒன்று. இங்கே வந்த புதிதில் மூன்று மாதம் அவள் என்னிடமும் சாப்பிடவில்லை. கதவைப் பார்த்துப் பார்த்து அழுவாள். உன்னைத் தேடினாள். நீ போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா விளையாடுறா" என்றேன். உன் உடம்புக்காகச் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

அதனால் பழகுவாள். எனக்கே பழகினாள்.

போன் செய்ய மாட்டேன். நீ சொல்கிற வரைக்கும் செய்ய மாட்டேன்.

தங்கச்செல்வி


அருப்புக்கோட்டை
8.6.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். "கதவைப் பார்த்துப் பார்த்து அழுவாள்" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. என்னைத் தேடினாள் என்று மூன்று வருஷமாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. தெருவில் ஒரு விசைத்தறிகூட ஓடவில்லை. இந்த வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கத்தாமல் கேட்டது நேற்றுத்தான். வெள்ளை மாவு வாங்கி வைத்திருந்தேன். அமுதுவைத் தூக்கி மேடையில் உட்காரவைத்து, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொடவில்லை. சரி என்று நானே ஒன்றை எடுத்து நீங்கள் எழுதியபடி மடித்தேன். வரவில்லை மதினி. தண்ணீர் அதிகமாகி வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் பிய்ந்தது.

திடீரென்று என் கையில் ஓர் அடி விழுந்தது.

"ஐயோ அம்மா, அப்பிடியில்ல! நீ கறியக் கொட்டுற. தள்ளு. நீ பாரு."

நீ என்றாள்.

மாமா ஹாலில் இருந்து, "ஏத்தா, அம்மாவப் போயி நீங்குற?" என்று அதட்டினார்கள். "மாமா, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், சும்மா இருங்க" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி வந்து ஏழு வருஷத்தில் மாமாவை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. நல்லவேளை, அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் போர்த்தினாள், கையைக் கட்டினாள், தூங்கவைத்தாள். நான் மடித்ததை எல்லாம் ஒதுக்கி ஓரமாக வைத்தாள், "இது அப்பாவுக்கு" என்று. சூப் கண்ணாடி மாதிரி இல்லை, கொஞ்சம் மங்கல்தான். ஆனால் ஒன்றும் வெடிக்கவில்லை. ஒன்பது தின்றாள். ஒன்பது! ஒவ்வொன்றையும் ஊதி ஊதித் தின்றாள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன், என் கிண்ணம் ஆறிப்போனது.

பத்தாவதைத் தின்னவில்லை. "அத்தைக்கு" என்றாள். ஃப்ரிட்ஜில் இருக்கிறது. எடுத்துக் கொட்டவும் மனம் வரவில்லை, என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்று காலையில் மறுபடியும் "பால் வேண்டாங்க" என்றாள். உடனே எனக்குள் பழையபடி ஆரம்பித்துவிட்டது. நேற்று வந்த "நீ" கை பதறியதில் வந்ததா, நிஜமா என்று நாள் முழுக்க அதையே போட்டு உருட்டினேன். சாயங்காலம் செருப்பைத் தேடும்போது "ஏம்மா, நீ எங்க வச்ச?" என்றாள். அதை வைத்துக்கொண்டு இன்றைக்குத் தூங்கப் பார்க்கிறேன்.

நாலு மணிக்கு இன்றும் கேட் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிராம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சொன்னாள். அப்போதுதான் முடிவு செய்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே நாலு மணிக்குப் போன் செய்யுங்கள் மதினி. அழுவாள். அழட்டும். அவள் அழும்போது நான் பக்கத்தில் இருப்பேன். நீங்கள் அழுதால் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோளமாவு பற்றி நான் எழுத வேண்டாததை எழுதினேன். நீங்களும் எழுத வேண்டாததை எழுதினீர்கள். இரண்டும் இருக்கட்டும். மீதிச் சோளமாவை மாமா கூழாக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள்,
கஸ்தூரி

பி.கு (கவரின்மேல் எழுதுகிறேன்): உள்ளே இருக்கும் தாளை நான் நாலாக மடித்துக் கவரில் வைத்தேன். அமுது பார்த்துவிட்டு, "அப்பிடியில்ல" என்று பிடுங்கி, விரலை நனைத்துக்கொண்டு அவளே மடித்துக் கொடுத்தாள். ஓரம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பிரிக்கும்போது மெதுவாகப் பிரியுங்கள்.