ஆடுகள் நக்கிய கல்

நாரின்,
செப்டம்பர் 9

அன்பு மகள் மீரிமுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக எழுதினால் அம்மா நம்புவாள், நான் நம்ப மாட்டேன். உலர்தயிர் உருண்டை இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறாள், ஆய்வுக்கூடத்தில் எவனாவது நாற்றம் என்றால் அவனுக்கும் ஒன்று கொடு. போன வாரம் தொலைபேசியில், நம் கிர்கிஸ் மலைத் தங்கம் இரண்டு காலத்தில் பிறந்தது, மற்ற கல்லெல்லாம் இருபத்தொன்பது கோடி ஆண்டு, ஏழாம் எண் கல் மட்டும் நாற்பத்துநான்கு கோடி, ஆய்வேடே அதன்மேல்தான் நிற்கிறது என்றாய். ஒரே காலம்தான் என்றேன். "மெஷின் பொய் சொல்லாதுப்பா" என்று வைத்துவிட்டாய். தங்கம் தேடி மலையில் துளைபோடும் குழுவில் முப்பது வருடம் கல் பெட்டி சுமந்தவன் நான். நம் மலையில் தங்க நரம்பு கருங்கல்லை வெட்டிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தவன். அந்தக் கருங்கல்லுக்கே வயது முப்பது கோடிதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ரொட்டிக்கு முன்னால் வெட்டு வருமா?

கோபத்தில் குதிரையேறி, நீயும் உன் பேராசிரியரின் ஆட்களும் ஆய்வுக்குக் கல்லுடைத்த இடத்துக்கே போனேன். நீலச் சாயத்தில் எழுதிய ஏழு அப்படியே இருக்கிறது. சுற்றி நின்று மேய்ப்பன் சாத்திபால்டியின் ஆடுகள் கல்லை நக்கிக்கொண்டிருந்தன. அவன் அதன்மேல் உப்பைத் தூவியபடியே, "என்ன பெரியப்பா, நீங்களும் நக்க வந்தீங்களா?" என்றான். இது எத்தனை காலமாக இங்கே கிடக்கிறது என்றேன். "கெடக்குதா? எங்கப்பா வடக்குக் கணவாய்க்கு அந்தாண்டயிருந்து எருது பூட்டி இழுத்துட்டு வந்தாரு. உப்பு வைக்க இப்படித் தட்டையா இங்க ஏது?" என்றான். உடைத்தபோது ஏனடா சொல்லவில்லை என்றால், "யாரு கேட்டா?" என்கிறான்.

நக்கி நக்கிப் பாசியில்லாமல் பளபளத்ததைப் பார்த்து உங்கள் ஆட்கள் நல்ல கல் என்று மயங்கிவிட்டார்கள். அன்று நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க டீ போட்டு வையுங்க பெரியவரே" என்றார் உன் பேராசிரியர். அதை மொழிபெயர்த்துச் சொன்னவள் நீ. நான் மறக்கவில்லை.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. வடக்கு மலை பழையது, நம் மலை இருக்கும் தெற்கு நிலம் பிறகு வந்து மோதி ஒட்டிக்கொண்டது, இந்தக் கல் வடக்குக் கல். ஏழாம் எண்ணை எடுத்துவிட்டால் உன் ஆய்வேட்டில் புதிதாகச் சொல்ல எதுவும் மிஞ்சாது, டிசம்பரில் கொடுத்தாக வேண்டும், எல்லாம் தெரியும். இருந்தாலும் எடுத்துவிடு. உன் பேராசிரியர் தயங்கினால் நானே அவருக்கு எழுதுவேன், கிர்கிஸ் மொழியில்தான் எழுதுவேன், நீ படித்துக் காட்டு.

ஓராண்டு தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. வடக்கே அந்தக் கல்லை எடுத்த இடம் சாத்திபால்டிக்குத் தெரியும். அங்கே இதுவரை யாரும் சுத்தியல் வைத்ததில்லை. ஜூனில் வா. நமக்கு இரண்டு குதிரை சொல்லிவிட்டேன், மூன்றாவது கிடையாது.

இறைவன் உன்னைக் காக்கட்டும். குளிருக்குக் கம்பளிக் காலுறை போடு. எடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு, அதுவரை நான் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத அப்பா
ஷர்ஷென்பெக்